கோழி திடீரென்று நடக்காமல் உட்கார்ந்துவிட்டால்: முதல் பத்து நிமிடத்திலிருந்து மூன்றாவது வாரம் வரை

காலையில் கூண்டுக் கதவைத் திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு முதலில் வெளியே வருவது கருப்பிதான். அன்றைக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஒரு காலை முன்னால் நீட்டியபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. தூக்கி நிறுத்தினேன், சாய்ந்தது. அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கால்சியம் கொடுத்தேன். வைட்டமின் சொட்டு கொடுத்தேன். குடற்புழு மருந்து கொடுத்தேன். யாரோ சொன்னார்கள் என்று காலில் எண்ணெய் தேய்த்தேன். இன்னொருவர் சொன்னார் என்று, டப்பாவில் மிச்சமிருந்த பழைய ஆன்டிபயாட்டிக்கைக் கண்ணளவில் கரைத்துக் கொடுத்தேன். இத்தனையும் மூன்றே நாட்களில். பன்னிரண்டாம் நாள் அது இறந்தது. புதைத்துவிட்டேன். எதனால் இறந்தது என்று இன்றுவரை தெரியாது. மிச்சமிருந்த ஏழு கோழிகளுக்கும் அதே ஆபத்து காத்திருக்கிறதா என்பதும் தெரியாமல் பல மாதங்கள் தினமும் பயந்துகொண்டே கூண்டைத் திறந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு கோழி அதேபோல் உட்கார்ந்தது. இந்த முறை மருந்து டப்பா பக்கமே போகாமல் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். அது பிழைத்தது. இரண்டு தடவைக்கும் இடையே நான் கற்றுக்கொண்டதுதான் கீழே இருக்கிறது. நான் கால்நடை மருத்துவர் அல்ல. சில கோழிகளை வளர்க்கிறவன், அவ்வளவுதான். முதல்முறையாகக் கோழி வளர்ப்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1. தூக்குவதற்கு முன் இரண்டு நிமிடம் பாருங்கள்

பதற்றத்தில் நாம் செய்யும் முதல் வேலை கோழியை அள்ளித் தூக்குவது. தூக்கிய பிறகு அது பயத்தில் விறைத்துக்கொள்ளும்; இயல்பாக எப்படி நின்றது, எப்படிச் சாய்ந்தது என்பதை அப்புறம் பார்க்க முடியாது. தள்ளி நின்று, கைப்பேசியில் அரை நிமிடம் வீடியோ எடுங்கள். கொஞ்சம் தீவனத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டு, அதை நோக்கி நகர முயல்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது பாதிக் கோழிகள் மேசைமேல் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். அப்போது பேசுவது இந்த வீடியோதான்.

பார்க்கவேண்டியவை: ஒரு காலா, இரண்டு கால்களா? கால் வலியால் தூக்கி வைத்திருக்கிறதா, இல்லை உயிரற்றதுபோல் தொங்குகிறதா? விரல்கள் உள்நோக்கி மடங்கியிருக்கின்றனவா? கழுத்து நேராக இருக்கிறதா? இறக்கைகள் தொங்குகின்றனவா? வால் மேலும் கீழுமாக அசைகிறதா? எச்சம் என்ன நிறம்? நேரத்தையும் தேதியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். "நேற்று சாயங்காலம் நன்றாக இருந்தது" என்பதும் ஒரு தகவல்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடைக்கோழியும் இப்படித்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். எழுப்பிவிட்டால் மரத்துப்போன காலோடு முதலில் தடுமாறும். ஆனால் அது சிலிர்த்துக்கொண்டு சீறும், கையைக் கொத்தும், இரண்டு நிமிடத்தில் நேராக நடந்து போய்த் தண்ணீர் குடிக்கும். நான் ஒருமுறை ஒரு அடைக்கோழிக்கு ஒரு நாள் முழுக்க நோயாளி மரியாதை செய்திருக்கிறேன்.

2. உடனே போனை எடுக்க வேண்டிய நிலைகள்

இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே படித்துக்கொண்டிருக்க வேண்டாம்:

- ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் தடுமாறினால், அல்லது காரணமின்றி திடீரென்று சில இறந்துவிட்டால். கழுத்து முறுக்கிக்கொள்வது, மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல் ஆகியவையும் சேர்ந்தால் ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சலோ பறவைக்காய்ச்சலோ இருக்கலாம். பெரும்பாலான நாடுகளில் இவற்றை அரசுக் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். கோழியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். உயிருள்ளதோ செத்ததோ, எந்தப் பறவையையும் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள்.
- எலும்பு வெளியே தெரிந்தால், கால் தொங்கிக் கோணலாகத் திரும்பியிருந்தால், இரத்தம் நிற்காவிட்டால்.
- பலவீனம் காலில் தொடங்கி இறக்கை, கழுத்து, கண்ணிமை என்று மேலே ஏறினால். இது பொட்டுலிசம் என்னும் நச்சுத்தன்மையின் போக்கு. அழுகிய பிராணியையோ அதில் நெளியும் புழுக்களையோ தின்ற கோழிகளுக்கு வரும்.
- வால் அடித்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால். முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம்.

3. தனி இடம்

காலூன்ற முடியாத கோழியை மற்றவை விட்டுவைக்காது. கொத்தும், மிதிக்கும், தீவனத்துக்கு அருகே விடாது. கோழிகளுக்குள் இரக்கம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அட்டைப்பெட்டியோ நாய்க்கூண்டோ போதும். அது திரும்பும் அளவுக்கு இடம் இருந்தால் சரி. ஓடித்திரியும் அளவுக்கு வேண்டாம். அடியில் பழைய துண்டு, அதன்மேல் வைக்கோல். வழுக்கும் தாளையோ பிளாஸ்டிக்கையோ விரித்தால் கால்கள் பக்கவாட்டில் விரிந்து இருக்கிற காயமும் மோசமாகும். பெட்டிக்குள் தாவி ஏறும் கம்பு இருக்கக் கூடாது. காற்று நேராக அடிக்காத, நிழலான, அமைதியான இடம் பாருங்கள்.

அடிபட்ட காலாகத் தெரிந்தால் மற்றக் கோழிகளின் கண்ணில் படும்படி வைப்பது நல்லது. பார்வையில் இருந்தால் கூட்டம் அதை மறக்காது. திரும்ப விடும்போது சண்டை குறையும். தொற்று என்று சந்தேகமிருந்தால் தூரமாக வையுங்கள், மற்றவற்றைக் கவனித்த பிறகு கடைசியாக நோயாளியிடம் போங்கள், தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கைகழுவுவது எந்த நிலையிலும் உண்டு; நல்ல கோழிகூட சால்மொனெல்லா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமக்கும்.

4. பாதத்திலிருந்து மேலே: உடம்பைப் பார்ப்பது

கருப்பி விஷயத்தில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். அதன் உள்ளங்காலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல வெளிச்சத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்னொருவர் துண்டால் இறக்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் சுலபம். இரண்டு எச்சரிக்கைகள்: கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அதனால் மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள், மல்லாக்கப் போட்டு நெடுநேரம் வைத்திருக்காதீர்கள். கால்சியம் குறைந்து எலும்பு நொறுங்கும் நிலையிலிருக்கும் கோழி, முரட்டுத்தனமாகப் பிடித்தாலே கால் முறிந்துபோகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உள்ளங்காலில் தொடங்குங்கள். நடுவில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. இருந்தால் அது பம்பிள்ஃபுட் எனப்படும் பாதப்புண். உயரமான கம்பிலிருந்து கடினத் தரையில் குதிப்பதாலோ முள், கம்பி, ஈரமான அழுக்குத் தரை இவற்றாலோ சிறு காயம் ஏற்பட்டு, அதில் பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி குடியேறி வருவது. என் இரண்டாவது கோழிக்கு இருந்தது இதுதான். ஒரு பருப்பளவு கறுப்புப் புள்ளி. எத்தனை வாரமாக இருந்ததோ. "திடீரென்று" நடக்கவில்லை என்று நான் நினைத்தது, அது அதற்குமேல் மறைக்க முடியாத நாளில்.

ஆம், மறைக்கும். இரையாகும் பிராணிகள் எல்லாம் முடிந்தவரை வலியை மறைக்கும். நமக்குத் தெரியவரும் நாள் நோயின் முதல் நாளாக இருப்பது அபூர்வம்.

அடுத்து விரல்களின் இடுக்கு. நூல், தலைமுடி, வலையின் இழை எதாவது சுற்றி இறுகியிருக்கிறதா? இரத்தவோட்டம் நின்று விரல் கறுத்துப்போகும்வரை இறகுக்கும் அழுக்குக்கும் நடுவில் அது தெரியாது. பிறகு கால் செதில்கள். செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதில் உண்ணி. தொல்லைதான், ஆனால் ஒரே இரவில் நொண்ட வைக்காது.

காலின் நடுவில் பின்னோக்கி மடங்குவதாகத் தெரியும் மூட்டை எல்லோரும் முழங்கால் என்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே, இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் தொட்டு, மூட்டுக்கு மூட்டு ஒப்பிடுங்கள்: எது தடிமன், எது சூடு, எதைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறது? இரண்டு கணுக்கால்களும் வீங்கிச் சூடாக இருந்தால் மூட்டுத் தொற்று இருக்கலாம். ஒரு விரலை மெதுவாகக் கிள்ளினால் காலை இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். உணர்ச்சியே இல்லாவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

தோலில் பச்சை நிறத் திட்டைப் பார்த்தால் அழுகிவிட்டது என்று அலறாதீர்கள். கோழிகளுக்குக் கன்றிய காயம் இரண்டு மூன்று நாளில் பச்சையாகத்தான் மாறும். அது ஒரு நல்ல தடயமும்கூட: சில நாட்களுக்கு முன் அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக வயிறு, எச்சத்துவாரம், மார்பெலும்பு, தீனிப்பை. எச்சத்துவாரத்துக்குக் கீழே கடினமாக முட்டை தட்டுப்படுகிறதா, வயிறு தண்ணீர்ப் பைபோல் தளும்புகிறதா? மார்பெலும்பு கத்திபோல் கூர்மையாகத் தெரிந்தால் அது வாரக்கணக்கில் மெலிந்திருக்கிறது. தீனிப்பை (தின்றது முதலில் சேரும், கழுத்தடியில் இருக்கும் பை) மாலையில் நிறைந்தும் காலையில் காலியாகவும் இருக்கவேண்டும். எல்லாம் முடிந்ததும் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதுங்கள். மருந்தளவு எடையை வைத்துத்தான்.

5. எதுவாக இருக்கலாம்

முதல் கேள்வி வயது. சிறு குஞ்சு விரல்களை உள்நோக்கி மடக்கிக்கொண்டு கணுக்காலால் தவழ்ந்தால் வைட்டமின் பி2 குறைவு இருக்கலாம்; ஆரம்பத்திலேயே கொடுத்தால் சரியாகும், தாமதித்தால் நரம்பு கெட்டு நிலைத்துவிடும்.

ஆறு வாரத்திலிருந்து ஏழெட்டு மாதம் வரையுள்ள கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் மேரெக்ஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது ஹெர்பிஸ் வகை வைரஸ். நரம்புகளில் வீக்கமும் கட்டியும் உண்டாக்கும். இறகுத் தூசி வழியாகப் பரவும். சிகிச்சை கிடையாது. மனிதருக்குத் தொற்றாது. கருப்பிக்கு அப்போது ஏழு மாதம். இதுவாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுவதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. இந்தக் கோலத்தைப் பார்த்ததும் மேரெக்ஸ் என்று தீர்மானித்துவிடவும் கூடாது. இடுப்பில் அடிபட்ட கோழியும் இப்படி நீட்டும். சிறுநீரகம் வீங்கினாலும், வயிற்றில் கட்டி வளர்ந்தாலும், அந்த வழியாகக் காலுக்கு ஓடும் நரம்பு நசுங்கி ஒரு கால் செயலிழக்கும்.

முட்டையிடும் கோழி என்றால் முதலில் முட்டையைச் சுற்றியே யோசியுங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் தேவை. தீவனத்தில் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். ஓடு மெல்லியதாக வருவது, ஓடில்லாத தோல்முட்டை, பிறகு ஒருநாள் எழ முடியாமல் பக்கவாட்டில் சாய்வது என்று போகும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழிகளுக்கான வளர் தீவனத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். முட்டையிடத் தொடங்கிய பிறகும் பழைய மூட்டையைத் தீர்க்கவேண்டும் என்று வளர் தீவனத்தையே போடுவதும், வீட்டு மிச்சங்களும் தானியமுமாக வயிற்றை நிரப்புவதும் நாம் செய்கிற தவறுகள். எதிர்த்தவறும் உண்டு: முட்டையிடாத இளங்கோழிக்கும் சேவலுக்கும் தொடர்ந்து அதிகக் கால்சியம் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். கிளிஞ்சல் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்; வேண்டியது தின்னும்.

முட்டை சிக்கியதாகத் தெரிந்தால், வயிறு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரத்துக்குமேல் உட்காரவைத்து, நன்றாகத் துவட்டி, இருட்டும் வெப்பமுமான இடத்தில் விடுங்கள். கோழியின் இயல்பான உடல்வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ், ஈரத்தோடு விட்டால் குளிரில் நடுங்கிப்போகும். சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் மருத்துவரிடம் போகவேண்டும். ஒரு நாள் கடத்தக் கூடாது. முட்டையை உள்ளேயே உடைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டுத்துண்டு முட்டைக்குழாயைக் கிழித்தால் கோழி போய்விடும்.

இவை எதுவும் இல்லையென்றால் சுளுக்கு. உண்மையில் நிறைய நொண்டல்கள் சுளுக்குத்தான்: கம்பிலிருந்து தவறிக் குதித்தது, கதவிடுக்கில் சிக்கியது, கனத்த சேவல் ஏறி மிதித்தது. கால்நடைகளுக்கான மருந்து கலந்த தீவனத்தைக் கோழி தின்றிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். அதில் சேர்க்கும் சில மருந்துகள் அளவு மீறினால் கோழியின் தசையைக் கெடுத்து முடக்கும்.

6. முதல் மூன்று நாட்கள்

காரணம் எதுவானாலும் இந்த வேலை ஒன்றேதான். படுத்த கோழிகள் பல, நோயைவிடத் தாகத்தாலும் பசியாலும் முதலில் சாகின்றன. தண்ணீர் நான்கு எட்டு தள்ளி இருந்தால் அதற்கு அது இல்லாததற்குச் சமம்.

தண்ணீரும் தீவனமும் உட்கார்ந்த நிலையிலேயே அலகு எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். கவிழாத கனமான கிண்ணம். வழக்கமான தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தால் நீரும் சேர்ந்து உள்ளே போகும். அவித்த முட்டையை உதிர்த்துக் கலந்தால் மறுக்காத கோழி இல்லை. சராசரிக் கோழி ஒரு நாளில் நூறு கிராமுக்குச் சற்று மேல் தீவனமும் அதைப்போல் இரு மடங்கு தண்ணீரும் எடுக்கும். அதில் பாதிகூடப் போகவில்லையென்றால் எழுதிவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடிக்க மறுத்தால் சிரிஞ்சை எடுத்து வாயைத் திறந்து பீய்ச்சத்தான் கை போகும். செய்யாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. பீய்ச்சிய நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். நேரம் பிடிக்கும்.

படுக்கையை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். எச்சத்திலேயே உட்கார்ந்திருந்தால் மார்பெலும்பின்மேல் புண் வரும். வெயில் காலத்தில் அழுக்கான பின்புறத்தில் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு நெளியும். தினமும் இறகைத் தூக்கிப் பாருங்கள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பார்த்தே தீரவேண்டியது இது.

சில நாட்களுக்குமேல் எழாத கோழிக்குத் தொட்டில் கட்டலாம். கெட்டித் துணியில் காலுக்கு இரண்டு துளையும் எச்சத்துக்கு ஒரு துளையும் வெட்டி, பெட்டியின் இரு பக்கமும் கட்டி, பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்துங்கள். முதல்நாள் கால்மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பிறகுதான்.

மனிதருக்கான வலிமாத்திரை வேண்டாம். மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். பாதப்புண்ணை நசுக்கிச் சீழ் எடுக்க முயலவும் வேண்டாம்: பறவைகளின் சீழ் திரவமாக ஓடாது, பாலாடைக்கட்டிபோல் கெட்டியாக இருக்கும், நசுக்கினால் கிருமி ஆழமாகத்தான் போகும். உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் பாதத்தை ஊறவைத்து, கிருமிநாசினி தடவி, சுத்தத் துணியால் கட்டுப்போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையுறை அணியுங்கள், அந்தக் கிருமி நம் கைக்காயத்திலும் வேலை செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. நான் ஐந்தைக் கொடுத்ததில், எது உதவியது எது கெடுத்தது என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடிந்திருக்காது.

7. மருத்துவரிடம் போகும்முன்: காகிதங்கள்

முதலில் போன் செய்து கோழிகளைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கும் இடங்கள் ஏராளம். நான் நொண்டிக்கோழியைப் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம் பயணம் செய்து, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறேன்.

கையில் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும்: இனம், வயது, வாங்கிய தேதி, என்னென்ன தடுப்பூசி எப்போது போட்டது, கடைசி முட்டை எந்த நாளில், அதன் ஓடு எப்படி, இன்றைய எடை, நீங்கள் ஏற்கெனவே கொடுத்த எல்லாம் அளவோடு. வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். கூடவே அந்த வீடியோ, தீவன மூட்டையிலுள்ள சீட்டின் படம், புதிய எச்சத்தின் மாதிரி ஒரு மூடிய டப்பாவில். கூட்டத்தில் எத்தனை கோழி, புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா என்பதையும் கேட்பார்கள்.

வெளியே வரும்போது நீங்கள் எழுதி வாங்கவேண்டியவை மூன்று: மருந்தின் பெயரும் அளவும், எத்தனை நாள் என்பது, மருந்து முடிந்து எத்தனை நாள் கழித்து முட்டையை உண்ணலாம் என்பது. கடைசியைப் பலர் கேட்பதில்லை. நாம் செல்லமாக வளர்த்தாலும் பல நாடுகளின் சட்டத்தில் கோழி உணவுப் பிராணிதான். சில மருந்துகளைக் கோழிக்கு எழுதவே மருத்துவருக்கு அனுமதியில்லை. அந்த இடைவெளியில் வரும் முட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

8. செலவு

பார்வைக் கட்டணம் பெரும்பாலும் சிறிய பங்குதான். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, அறுவை, மயக்கமருந்து, இரவு தங்கவைப்பது என்று ஏறிக்கொண்டே போகும். மேசைமேல் கோழியை வைத்துக்கொண்டு பேரம் பேச யாருக்கும் மனம் வராது. ஆகவே கிளம்பும் முன்பே வீட்டில் ஒரு எல்லையைப் பேசி முடிவுசெய்யுங்கள். அங்கே ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதன் முடிவால் சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் அதைத் தள்ளிவைக்கலாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

என் பாதப்புண் கோழிக்குப் புண்ணை வெட்டி எடுத்ததைவிட, மறுபடி மறுபடி கட்டு மாற்றப் போனதில்தான் அதிகம் செலவானது. இரண்டாவது முறையே கட்டுப்போடக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும். உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்: நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், வாரக்கணக்கில்.

9. எத்தனை நாள் காத்திருப்பது

சுளுக்கு மூன்று நாளில் ஓரளவு தேறுவது தெரியும். முழுதாக ஒன்றிரண்டு வாரம். மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகும் துளி மாற்றமில்லையென்றால் அது சுளுக்கு என்ற உங்கள் ஊகம் தவறு. கால்சியம் குறைவால் விழுந்தது என்றால் சரியான தீவனமும் ஓய்வும் கிடைத்த சில நாட்களிலேயே எழ முயலும். கட்டுப்போட்ட எலும்பு பிடிக்க மூன்று வாரமளவு. ஆழமான பாதப்புண் அதற்கும் மேல் இழுக்கும்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கால் எப்படி இருந்தாலும், திரும்ப மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

10. கூட்டத்தில் திரும்ப விடுவது

நன்றாக நடக்கிறது என்று தோன்றிய நாளிலிருந்து இன்னும் நான்கைந்து நாள் பொறுங்கள். பிறகு கம்பிவலைக்கு இப்பக்கமும் அப்பக்கமுமாகச் சில நாள், அதன்பின் நீங்கள் அருகிலிருக்கும்போது ஒரு மணி நேரம். இரண்டு தீவனக் கிண்ணம் வையுங்கள். உட்காரும் கம்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கீழே தடிமனாக வைக்கோல் போடுங்கள். நான் கம்பை இறக்கியபோது மற்றக் கோழிகள் இரண்டு இரவு கூச்சலிட்டன, பிறகு பழகிவிட்டன.

11. தேறாதபோது

சாப்பிடுவதை நிறுத்தி, எடை இறங்கி, கண்ணை மூடியே கிடந்தால், வலியில்லாமல் முடித்துவைக்கும்படி மருத்துவரைக் கேட்பது குற்றமில்லை. கருப்பிக்கு நான் அதைச் செய்திருக்கலாம். கடைசி நான்கு நாட்கள் எனக்காகத்தான் அது கிடந்தது.

இறந்தால் புதைக்க அவசரப்படாதீர்கள். மருத்துவரோ அரசு ஆய்வகமோ பிரேதப் பரிசோதனை செய்யும் இடத்தை விசாரியுங்கள். உயிரோடிருக்கும்போது செய்யும் சோதனைகளைவிட இதற்குப் பெரும்பாலும் செலவு குறைவு, மிச்சக் கோழிகளுக்குப் பயனோ அதிகம். உடலை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, உணவுப்பொருள் இல்லாத குளிர்பெட்டியில் பனிக்கட்டியோடு வையுங்கள். உறையவைக்காதீர்கள், உறைந்தால் திசுக்கள் சிதைந்து நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. ஒரு நாளுக்குள் கொண்டுசேர்த்தால் நல்லது. ஆனால் இரண்டாம் படியில் சொன்ன ராணிக்கெட், பறவைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் எடுத்துச் செல்லாமல் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். ஏழாம் படியில் எழுதிய குறிப்பின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

முடிவு மேரெக்ஸ் என்று வந்தால், அந்த வைரஸ் கூண்டின் தூசியில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். புதுக்குஞ்சு வாங்கும்போது, பொரித்த முதல் நாளிலேயோ முட்டைக்குள் இருக்கும்போதோ மேரெக்ஸ் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தடுப்பூசி நோயைத் தடுக்குமே தவிர வைரஸ் உடம்பில் குடியேறுவதையும் பரவுவதையும் தடுக்காது. எனவே தடுப்பூசி போட்ட கோழிகள் நிற்கும் இடத்தில் போடாத குஞ்சைக் கொண்டுவந்து விடாதீர்கள்.